பட்டறைப் பதில்கள்: மேலே போன ஆயில் கீழே வர வேண்டும்

சென்ற இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது, ரேஸ் இன்ஜின் கட்டுகிறவர்கள் பிஸ்டனுக்கும் கேமுக்கும் செலவழிக்கும் யோசனையில் கால்வாசியைக்கூட ஆயிலுக்குச் செலவழிப்பதில்லை என்று போகிறபோக்கில் புலம்பியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. இந்த மாதம் கிளட்ச், கியர்பாக்ஸ் கேள்விகளை ஓரமாக வைத்துவிட்டு ஆயில் மட்டும்.

கேள்வி: ஜிப்சியின் 1.3 லிட்டர் 16 வால்வ் இன்ஜினை வைத்து டிராக் கார் ஒன்று கட்டியிருக்கிறோம். நேர்ப்பாதையில் ஆயில் பிரஷர் 60 பிஎஸ்ஐ நிற்கிறது. செட்டிபாளையம் டிராக்கில் நீண்ட வளைவில் மட்டும் சிவப்பு விளக்கு மினுக்கிவிட்டு அணைகிறது. பெரிய ஆயில் பம்பு போடச் சொல்கிறார் மெக்கானிக். போடலாமா? (பொள்ளாச்சி வாசகர்)

போடாதீர்கள் தம்பி. முதலில் காரை ஓட்டுவதை நிறுத்துங்கள்.

அந்த மினுக்கலை நானும் ஒருமுறை பார்த்தேன். பிராக்டிஸில் பார்த்துவிட்டு, ஒயர் லூஸாக இருக்கும் என்று முடிவு கட்டி, டேப் சுற்றிவிட்டு ரேஸுக்கு அனுப்பினேன். நாலாவது லேப்பில் மூன்றாவது பிக் எண்ட் பேரிங் (பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராட், சுழலும் கிராங்க் தண்டைப் பிடிக்கும் இடம்) சுற்றிவிட்டது. கனெக்டிங் ராட் பிளாக்கைப் பொத்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது. அந்த ராட் இன்னும் என் மேஜைமேல் பேப்பர் வெயிட்டாக இருக்கிறது.

என்ன நடக்கிறது என்றால், நல்ல டயர் போட்ட கார் வளைவில் ஒரு 'ஜி' அளவுக்குப் பக்கவாட்டு விசையைத் தொட்டுவிடும். ஒரு ஜி என்றால் சேம்பரில், அதாவது இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டியில், இருக்கும் ஆயிலின் மேல்மட்டம் 45 டிகிரி சாய்ந்து நிற்கும். டவுன் பஸ்ஸில் டம்ளர் நிறையத் தண்ணீர் பிடித்துக்கொண்டு நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆயில் ஒரு பக்கச் சுவரில் ஏறிவிடுகிறது, பம்பு ஆயிலை உறிஞ்சும் ஸ்ட்ரெய்னர் வாய் காற்றில் தொங்குகிறது, பம்பு காற்றை உறிஞ்சுகிறது.

இப்போது ஒரு கணக்கு. உங்கள் பம்பு கிராங்கின் ஒரு சுற்றுக்கு 5 மில்லி தள்ளுகிறது என்று வைத்துக்கொள்வோம். 6000 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்கு 30 லிட்டர். சேம்பரில் ஊற்றியிருப்பது மூன்றரை லிட்டர்தான். அப்படியானால் மொத்த ஆயிலும் ஏழு விநாடியில் ஒரு சுற்று போய் வந்தாக வேண்டும். ஒரு பகுதி, பிரஷர் மிஞ்சினால் திறக்கும் ரிலீஃப் வால்வ் வழியாகச் சீக்கிரமே திரும்பிவிடும் என்றாலும் மீதி பேரிங்கிலும் மேலே வால்வுகள் இருக்கும் ஹெட்டிலும் சுவரிலும்தான் இருக்கிறது. வளைவு நாலைந்து விநாடி நீடித்தால் என்ன ஆகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய பம்பு போட்டால் இருக்கும் ஆயிலை இன்னும் வேகமாக மேலே ஏற்றிவிட்டு, இன்னும் சீக்கிரம் காற்றை உறிஞ்சும்.

வேலை சேம்பருக்குள் இருக்கிறது. ஸ்ட்ரெய்னரைச் சுற்றி நாலு பக்கமும் தகட்டால் ஒரு பெட்டி கட்டுங்கள். பெட்டியின் சுவர்களில் உள்பக்கம் மட்டுமே திறக்கும் சின்னக் கதவுகள் வையுங்கள். வயலுக்கு மடை திறந்துவிடுகிற மாதிரிதான், ஆனால் இந்த மடையில் தண்ணீர் வெளியே போக முடியாது. கதவுக்குக் கம்பிக் கீல் போடுங்கள். ரப்பர் பட்டை வைத்தால் ஆயில் சூட்டில் விறைத்துப்போய் ஒருநாள் திறந்தபடியே நின்றுவிடும். பெட்டிக்கு மேலே கிராங்குக்கும் ஆயிலுக்கும் நடுவில் ஒரு தகடு வேண்டும். விண்டேஜ் (windage) டிரே என்பார்கள். சுழலும் கிராங்க் கிளப்பும் காற்று ஆயிலை அள்ளி நுரையாக்காமல் அது தடுக்கும்.

ஸ்ட்ரெய்னர் வாய்க்கும் சேம்பர் தரைக்கும் 6 முதல் 10 மில்லிமீட்டர் இடைவெளி போதும். அளப்பதற்குக் குழந்தைகள் விளையாடும் களிமண்ணை ஸ்ட்ரெய்னர் அடியில் ஒட்டி, கேஸ்கெட்டோடு சேம்பரை மாட்டிக் கழற்றி, நசுங்கிய களிமண்ணின் கனத்தைப் பாருங்கள். அடிபட்டு உள்ளே நெளிந்த சேம்பர் என்றால் இந்த இடைவெளி இல்லாமலே போயிருக்கும்.

அரை லிட்டர் கூடுதலாக ஊற்றலாமா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். ஊற்றலாம், கிராங்கின் வெயிட் ஆயிலைத் தொடாத வரை. தொட்டால் மோர் கடைந்த மாதிரி ஆகிவிடும். பிரஷர் முள் ஒரு இடத்தில் நிற்காமல் நடுங்கினால் ஆயிலில் நுரை இருக்கிறது என்று சந்தேகப்படுங்கள்.

இத்தனையும் செய்தபின்னும் மினுக்கினால் ஆயில் அக்குமுலேட்டர் ஒன்று மாட்டுங்கள். ஒரு சிலிண்டர், நடுவில் பிஸ்டன், ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் பிரஷரில் இருக்கும் ஆயில். லைனில் பிரஷர் விழுந்ததும் அது தன்னிடமுள்ளதைத் தள்ளி வளைவைக் கடத்திவிடும். ஆனால் பெட்டி கட்டாமல் இதை மட்டும் மாட்டுவது ஓட்டைக் கூரைக்குக் கீழே பாத்திரம் வைப்பது போல.

அப்புறம், விளக்கு எந்தப் பக்க வளைவில் மினுக்குகிறது என்று எழுதவில்லையே? இடதா, வலதா? எந்தச் சுவரை முதலில் அடைக்க வேண்டும் என்பதை அதுதான் சொல்லும்.

கேள்வி: ரிலீஃப் வால்வ் ஸ்பிரிங்குக்கு வாஷர் வைத்து 90 பிஎஸ்ஐ ஆக்கிவிட்டேன். பேரிங்குக்கு நல்லதுதானே? (ஓசூர் வாசகர்)

தோட்டத்து ஹோஸ் வாயைக் கட்டைவிரலால் பாதி மூடுங்கள். குழாய்க்குள் பிரஷர் ஏறும், வெளியே வரும் தண்ணீர் குறையும். கேஜ் காட்டுவது ஆயிலின் அளவை அல்ல, அதற்கு எதிரே நிற்கும் தடையை. எங்காவது அடைப்பு இருந்தாலும் முள் அழகாக மேலே நிற்கும்.

பேரிங்கைத் தாங்குவது பம்பின் பிரஷர் என்று பலர் நினைக்கிறார்கள். மழையில் டயர் தண்ணீர்மேல் மிதந்து வழுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். பேரிங்குக்குள் சுற்றும் கிராங்கின் வழுவழுப்பான பாகமான ஜர்னலும் அப்படித்தான் மிதக்கிறது. சுற்றும்போது ஆயிலைத் தனக்குக் கீழே ஆப்பு மாதிரி இழுத்துச் செருகிக்கொள்கிறது. அந்த ஆப்புக்குள் பிறக்கும் அழுத்தத்தின் முன்னால் உங்கள் 90 ஒன்றுமே இல்லை. பக்கவாட்டில் கசிந்து போகும் ஆயிலுக்குப் பதில் ஆயில் கொண்டுவந்து கொடுப்பதும், சூட்டை அள்ளிக்கொண்டு போவதும்தான் பம்பின் வேலை.

அப்படியானால் பிரஷரே வேண்டாமா? வேண்டும், ஒரு காரணத்துக்காக. கிராங்கை பிளாக் தாங்கும் இடமான மெயின் ஜர்னலிலிருந்து ராட் பேரிங்குக்கு ஆயில் போவது கிராங்குக்குள் துளைத்த ஓட்டை வழியாக. ஓட்டை ஜர்னலின் மையம் வழியாகப் போனால், வெளியே வீசும் சுழற்சி விசையை எதிர்த்து ஆயில் உள்ளே நுழைய வேண்டும். 45 மி.மீ. ஜர்னலில் 7000 ஆர்பிஎம்முக்குக் கணக்குப் போட்டால் இதற்கு மட்டும் சுமார் 17 பிஎஸ்ஐ போய்விடுகிறது. அமெரிக்க ஷெவர்லே 350 வி8 மாதிரி 62 மி.மீ. ஜர்னல் என்றால் அதே வேகத்தில் 32. '1000 ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐ' என்று எல்லோரும் மனப்பாடமாகச் சொல்கிறார்களே, அது அந்தப் பெரிய வி8களைக் கட்டியவர்களின் வாய்ப்பாடு. நம் சின்ன ஜர்னலுக்கு அதுவே தாராளம்.

மிச்ச பிரஷர் எல்லாம் ஆயிலைச் சூடாக்கவும் குதிரைத்திறனைத் தின்னவும்தான். வாஷரை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: ரேஸ் இன்ஜினுக்குப் பேரிங் கிளியரன்ஸ் 'லூஸாக' வைக்க வேண்டும் என்கிறார்களே, எவ்வளவு லூஸ்? (ஈரோடு வாசகர்)

பழைய கணக்கு, ஜர்னல் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 45 மி.மீ. என்றால் 0.045 மி.மீ. ஒரு தலைமுடியைவிட மெல்லிய இடைவெளி. இதிலிருந்து கொஞ்சம் ஏற்றலாம், ஆனால் 'கொஞ்சம்' என்பதைக் கையால் ஆட்டிப் பார்த்து முடிவு செய்கிறவர்களிடம் கிராங்கைக் கொடுக்காதீர்கள்.

காரணம் இருக்கிறது. பேரிங் வழியாகக் கசியும் ஆயில், இடைவெளியின் மும்மடிப்படி ஏறுகிறது. 0.04-ஐ 0.06 ஆக்கினால் இடைவெளி ஒன்றரை மடங்கு, ஆயிலோ 1.5 × 1.5 × 1.5, அதாவது மூன்றேகால் மடங்குக்கு மேல். நாலு ராட், ஐந்து மெயின், எல்லாவற்றையும் அப்படி வைத்தால் எந்தப் பம்பும் திணறும். ஐடிலில் விளக்கு எரியும். அதோடு போகாது. ராட் பேரிங்கிலிருந்து தெறிக்கும் ஆயில் சிலிண்டர் சுவரில் போய் அடிக்கிறது. அவ்வளவையும் வழித்துவிட பிஸ்டன் ரிங்கால் முடியாது, புகைக்கும். பேரிங்கில் செய்த தப்புக்கு ரிங்கை மாற்றிக்கொண்டிருந்தவர்களை எனக்குத் தெரியும்.

மைக்ரோமீட்டரும் போர் கேஜும் வைத்து அளந்துவிட்டு, நசுங்கி இடைவெளியைக் காட்டும் மெல்லிய இழையான பிளாஸ்டிகேஜ் வைத்து ஒருமுறை சரிபாருங்கள். மெயின் பேரிங் ஷெல் என்ற இரண்டு பாதிகளாக வரும்; மேல் ஷெல்லில் பள்ளம் இருக்கும், கீழ் ஷெல் வழுவழுப்பாக இருக்கும். சுமையைத் தாங்குவது கீழ்ப்பாதி என்பதால் அங்கே பள்ளம் வெட்டி இடத்தை வீணாக்கக் கூடாது. மாற்றிப் போட்டால் ஆயில் ஓட்டையையே மூடிவிடுவீர்கள். மேல் ஷெல்லை உட்கார வைத்ததும் அதன் ஓட்டையும் பிளாக்கின் ஓட்டையும் நேராக இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பாதி மறைத்துக்கொண்டு நின்றதை நான் பார்த்திருக்கிறேன். கிராங்க் கிரைண்டிங் முடிந்து வந்தால் ஆயில் ஓட்டையின் விளிம்பைத் தடவிப் பாருங்கள். கத்தி மாதிரி இருந்தால் அது ஷெல்லைச் சீவும். மெல்ல உருட்டி மழுங்கடிக்க வேண்டும்.

பிளாக்குக்குள் ஆயில் ஓடும் பாதையான கேலரியின் முனைகளை அடைக்கும் பிளக்குகளைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். ஒரு பிளாக்கை வெளியே போரிங்குக்குக் கொடுத்திருந்தேன். பளபளவென்று கழுவித் திருப்பித் தந்தார்கள். வெளியே பார்த்துத் திருப்திப்பட்டு இன்ஜினைக் கட்டினேன். நாற்பது நிமிடம் ஓடியது. பிரித்துப் பார்த்தால் அத்தனை பேரிங்கிலும் கோடு கோடாகக் கீறல். கேலரியின் முட்டுச்சந்தில், பிளக்குக்குப் பின்னால், போரிங் தூள் சேர்ந்து கிடந்திருக்கிறது. பிளக்கைக் கழற்றிப் பார்க்காதது நான்தான், யாரையும் திட்ட முடியாது. இப்போதெல்லாம் பிளக் அத்தனையும் கழற்றி, துப்பாக்கிக் குழல் துடைக்கிற மாதிரி நீள பிரஷ் விட்டு, சோப்பும் சுடுதண்ணீரும் ஊற்றி, வெள்ளைத் துணியில் அழுக்கு வராத வரை தேய்ப்பேன். பையன்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

கேள்வி: ஐயா, நிசான் ஸ்கைலைன் ஆர்32 ஜிடி-ஆர் வைத்திருக்கிறேன். டிராக்கில் இரண்டு மூன்று லேப் தொடர்ந்து ஓட்டினால் கேட்ச் கேன் நிறைய ஆயில், பின்னால் நீலப் புகை. ரிங் புதுசு, டர்போவும் புதுசு. (மெல்பர்ன் வாசகர்)

இந்த மாதத்தின் சுவையான கேள்வி இதுதான். நீங்கள் பயப்படும் இடத்தில் கோளாறு இல்லை.

1989-இல் வந்த உங்கள் காரின் ஆர்பி26, ஆறு சிலிண்டர் வரிசையாக நிற்கும் நீளமான 2.6 லிட்டர் இன்ஜின். அதிக ஆர்பிஎம்மில் நிறுத்தி ஓட்டினால் ஹெட்டுக்கு ஏறும் ஆயில் அதே வேகத்தில் இறங்காது என்பது இந்த இன்ஜினைக் கட்டுகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த குணம். ஹெட்டில் குளம் கட்டி நிற்கிறது. கீழே சேம்பர் வற்றுகிறது. மேலே இருப்பது இன்ஜின் மூச்சுவிடும் குழாயான பிரீதர் வழியாக வெளியேறி உங்கள் கேனை நிரப்புகிறது.

ஏன் இறங்கவில்லை? ஓட்டை சின்னது என்பது பாதிக் காரணம். மறுபாதியை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். பிஸ்டனைத் தாண்டிக் கசிந்து சேம்பருக்கு வரும் கேஸ் மேலே ஏறித்தான் வெளியே போக வேண்டும். அதற்கும் அதே ஓட்டைகள்தான் வழி. ஒற்றை வண்டி போகும் பாலத்தில் ரெண்டு பக்கமும் லாரி வந்து நிற்கிற கதை. பூஸ்ட், அதாவது டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம், ஏற ஏற கேஸும் ஏறும், ஆயில் மேலேயே மாட்டிக்கொள்ளும்.

முதலில் மேலே போவதைக் குறையுங்கள். பிளாக்கிலிருந்து ஹெட்டுக்கு ஆயில் போகும் துளையில் அதைச் சுருக்கும் சிறிய ரெஸ்ட்ரிக்டர் போடுவது இந்த இன்ஜினில் வழக்கமான வேலை. கேமுக்கும் டாப்பெட்டுக்கும் அவ்வளவு ஆயில் தேவையில்லை. எந்த அளவு துளை என்பது உங்கள் பம்பைப் பொறுத்தது, கட்டுகிறவரோடு உட்கார்ந்து பேசுங்கள். பெரிய பம்பைப் போட்டுவிட்டு ரெஸ்ட்ரிக்டர் போடாமல் விட்டால் இருக்கும் நோயை நீங்களே வளர்க்கிறீர்கள். அடுத்து, இறங்கும் ஓட்டைகளைப் பெரிதாக்கி, விளிம்பின் பிசிறைத் தேய்த்து வழவழப்பாக்குங்கள். மூன்றாவதாக, ஹெட்டின் பின்பக்கத்திலிருந்து சேம்பருக்கு, இன்ஜினின் வெளிப்புறமாக, ஒரு தடித்த பைப் இறக்குங்கள். கார் முன்னால் பாயும்போது ஆயில் பின்னால்தானே ஓடுகிறது, அங்கேயே வழி வைத்துவிட வேண்டும்.

இன்ஜினைப் பிரிக்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். ஆரம்ப கால ஆர்32 கிராங்கில், ஆயில் பம்பின் கியரைத் திருப்பும் பகுதி அகலம் குறைவு. அதிக ஆர்பிஎம்மில் அது கியரை முழுதாகப் பிடிக்காமல் உடைத்துவிடும். அகலமான காலர் ஒன்றைக் கிராங்கில் ஏற்றுவது அதற்கு மருந்து. உங்கள் கிராங்கில் ஏற்கெனவே ஏற்றியிருக்கிறதா என்று காரை விற்றவருக்கே தெரியாமல் இருக்கலாம். நீங்களே பாருங்கள்.

கேள்வி: டர்போவுக்கு ஆயில் லைன் எவ்வளவு தடிமன்? (மதுரை வாசகர்)

போகும் லைன் மெலிதாக இருந்தால் போதும். பால் பேரிங் டர்போ என்றால் அதிலும் ரெஸ்ட்ரிக்டர் வேண்டும், தயாரித்தவர் சொன்ன அளவில். திரும்பும் லைன்தான் முக்கியம். அங்கே பிரஷர் கிடையாது, நுரையோடு தன் எடையில்தான் விழ வேண்டும். ஆகவே கட்டைவிரல் தடிமனுக்கு, எங்கும் மேடு ஏறாமல், சேம்பரின் ஆயில் மட்டத்துக்கு மேலே போய்ச் சேரட்டும். சீல் போய்விட்டது என்று டர்போவை மாற்றுவதற்கு முன் இந்தப் பைப் மடிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: டிரை சம்ப் போட்டால் இந்தத் தொல்லை எதுவும் இல்லையாமே? (சென்னை வாசகர்)

உண்மைதான். சம்ப் என்பது நம் சேம்பர்தான்; டிரை சம்ப் என்றால் சேம்பரில் ஆயிலே தங்காது. ஸ்கேவஞ்ச் பம்புகள் நுரையோடு உறிஞ்சித் தனி டேங்குக்கு அனுப்பும். அங்கே காற்று பிரிந்து, சுத்த ஆயில் மட்டும் பிரஷர் பம்புக்குப் போகும். உறிஞ்சுகிற பம்புகள் தள்ளுகிற பம்பைவிடப் பெரிதாக இருக்க வேண்டும், அவை தூக்குவதில் பாதி காற்று. சேம்பர் தட்டையாகிவிடுவதால் இன்ஜினைத் தரைக்குப் பக்கத்தில் இறக்கலாம். 1967-இல் ஃபார்முலா ஒன்னுக்கு வந்த காஸ்வர்த் டிஎஃப்வி இப்படித்தான், ஆரம்ப கால போர்ஷே 911-ம் இப்படித்தான்.

இதையெல்லாம் ஏதோ சீமைச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். நம் பழைய இரும்பு பிளாக் புல்லட்டும் டிரை சம்ப் வகைதான். ஆயில் டேங்க் கிராங்க் கேஸின் பின்பக்கமே வார்ப்பில் இருக்கும். பல மாதம் நிறுத்தி வைத்த புல்லட்டை உதைத்தால் புகை தள்ளுகிறதே, டேங்கிலிருந்த ஆயில் கிராங்க் பக்கம் கசிந்து இறங்கிவிட்டதுதான் காரணம்.

காசு இருந்தால் போடுங்கள். அதற்கு முன் நீங்கள் ஓடப்போகும் பிரிவின் விதிப் புத்தகத்தைப் பாருங்கள், பல பிரிவுகளில் அனுமதி கிடையாது. இல்லையென்றால் பொள்ளாச்சி தம்பிக்குச் சொன்ன பெட்டியே போதும்.

கேள்வி: நம் வெயிலுக்கு 20டபிள்யூ-50 கிரேடு ஆயில்தானே சரி? (வேலூர் வாசகர்)

வெளியே அடிக்கும் வெயிலைவிட உள்ளே வைத்த கிளியரன்ஸ்தான் கிரேடைத் தீர்மானிக்கும். 100 டிகிரியில் 50 கிரேடின் பாகுத்தன்மை 16.3-க்கு மேல், 30 கிரேடின் பாகுத்தன்மை 9.3-லிருந்து 12.5-க்குள், அலகு சென்டிஸ்டோக். அளவாக 0.04 வைத்துக் கட்டிய இன்ஜினில் 50 ஊற்றினால் கேஜ் மட்டும் சந்தோஷப்படும். ஆயில் சூட்டுக்கு ஒரு கேஜ் மாட்டுங்கள். 100, 110-இல் நின்றால் நல்லது. 130 தாண்டினால் கிரேடை மாற்றுவதற்கு முன் ஆயில் கூலர் வாங்குங்கள்.

கேள்வி: புதிதாகக் கட்டிய இன்ஜினை முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போது என்ன கவனிக்க வேண்டும்? (திருப்பூர் கல்லூரி மாணவி)

நல்லவேளை, கட்டுவதற்கு முன்னாலேயே கேட்டீர்கள் அம்மா. பம்பை மூடும்போது உள்ளே கியர்களின் இடைவெளியில் வாசலைன் அப்பி வையுங்கள். காய்ந்த பம்பால் முதல் ஆயிலை உறிஞ்ச முடியாது. வாசலைன் பிறகு சூட்டில் கரைந்துபோகும். பேரிங்குக்கெல்லாம் கட்டும்போது தடவும் மசகான அசெம்பிளி லூப், ஃபில்டரில் முக்கால் பங்கு ஆயில். ஸ்பார்க் பிளக் அத்தனையும் கழற்றி, பெட்ரோலையும் இக்னிஷனையும் துண்டித்துவிட்டு, ஸ்டார்ட்டரைப் பத்துப் பத்து விநாடியாகச் சுற்றுங்கள், நடுவில் அது ஆறட்டும். கேஜில் முள் எழும் வரை பிளக்கைத் திரும்ப மாட்டாதீர்கள். எழவே இல்லையென்றால் 'ஸ்டார்ட் ஆனால் சரியாகிவிடும்' என்று பக்கத்தில் நிற்பவர் யாராவது சொல்வார். அவரை டீ வாங்க அனுப்பிவிட்டு ஸ்ட்ரெய்னர் ஜாயின்ட்டைப் பாருங்கள். ஓ-ரிங் கிள்ளுப்பட்டு அங்கே காற்று இழுப்பதுதான் பெரும்பாலும்.

ஓடியதும் இருபது நிமிடத்தில் நிறுத்தி ஆயிலை இறக்குங்கள். ஃபில்டரை வாளால் அறுக்காதீர்கள், வாளின் தூளே உள்ளே விழுந்து உங்களை ஏமாற்றும். கட்டரால் வெட்டி, உள்ளே இருக்கும் காகித மடிப்பை விரித்து வெளிச்சத்தில் பிடியுங்கள். மிக நுண்ணிய சாம்பல் நிறப் பொடி கொஞ்சம் இருந்தால் ரிங் உட்காருகிறது, பரவாயில்லை. மின்னும் செதில்கள் இருந்தால் ஒரு காந்தத்தைக் காட்டுங்கள். ஒட்டாத செதில் பேரிங்கிலிருந்து வந்திருக்கலாம். அப்படி இருந்தால் மறுபடி ஸ்டார்ட் செய்யாமல் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.